மார்ச் 17-ல் ஊரே பச்சையாவது ஏன்? அயர்லாந்து ஊர்வலமும் பூந்தமல்லி தொடர்பும்!

சென்னீர்குப்பத்தில் ஊர்வலம் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது அம்மன் கோயில் திருவிழா, விநாயகர் சதுர்த்தி, கட்சிப் பேரணி. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 17-ம் தேதி உலகின் பல நகரங்களில் வேறொரு ஊர்வலம் கிளம்புகிறது. பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, பேண்டு வாத்தியம் என அமர்க்களப்படும் அந்த ஊர்வலம், அயர்லாந்து வம்சாவளியினர் கொண்டாடும் புனித பேட்ரிக் தின அணிவகுப்பு. பெரிய நகரங்கள் மட்டுமல்ல, சின்னச் சின்ன ஊர்களும் இதைப் புதிதாகத் தொடங்குகின்றன.

'அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? சென்னீர்குப்பத்தை அடுத்த பூந்தமல்லியிலேயே சம்பந்தம் இருக்கிறது. விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த பேட்ரிக்?

5-ம் நூற்றாண்டில் அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பியவர். அவர் அயர்லாந்தில் பிறந்தவரே இல்லை என்பதுதான் ஆச்சரியம். பிரிட்டனில் பிறந்த அவரை, சிறுவயதில் கடத்திக்கொண்டு போய் அயர்லாந்தில் அடிமையாக வைத்திருந்தார்கள். அங்கிருந்து தப்பியவர், பிறகு அதே மண்ணுக்கு மதப்பணி செய்யத் திரும்பி வந்தார். அவர் இறந்த நாளாகக் கருதப்படுவதுதான் மார்ச் 17.

முதல் ஊர்வலம் எங்கே நடந்தது?

அயர்லாந்தில் இல்லை. இன்றைய அமெரிக்காவின் புளோரிடாவில், அப்போது ஸ்பெயின் வசம் இருந்த செயின்ட் அகஸ்டின் என்ற சின்ன ஊரில் 1601-ம் ஆண்டு ஊர்வலம் நடந்ததாக ஸ்பானிய ஆவணங்கள் சொல்கின்றன. உலகப் புகழ்பெற்ற நியூயார்க் அணிவகுப்பு 1762-ல் தொடங்கியது. அதை நடத்தியதில் பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்த்த ஐரிஷ் சிப்பாய்களும் இருந்தார்கள். அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் அரசு சார்பில் முதல் அணிவகுப்பு நடந்ததோ 1931-ல்தான்!

ஏன் இப்படி? சொந்த ஊரில் இருக்கும்போது 'நான் இந்த ஊர்க்காரன்' என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஊரை விட்டு வந்த பிறகுதான் அந்தத் தேவை வருகிறது. நமக்கும் இது புதுசு இல்லை. மலேசியாவின் பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. அங்கே வெள்ளி ரதத்தின் பின்னால் நடப்பவர்களில் பலர், தோட்ட வேலைக்கும் ரயில் பாதை போடவும் கப்பலேறிப் போன தமிழர்களின் வாரிசுகள்.

கொண்டாட்டம் மட்டும்தானா?

இல்லை. 1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் ஏற்பட்டது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டே வெளியேறினார்கள்.

போன இடத்தில் யாரும் சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லை. அமெரிக்காவில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் மீதான வெறுப்பு பஞ்சத்துக்கு முன்பே இருந்தது. 1844-ல் பிலடெல்பியாவில் நடந்த கலவரத்தில் அவர்களுடைய தேவாலயங்களையே கொளுத்தினார்கள். அப்படிப்பட்ட சூழலில் நடுத்தெருவில் பேண்டு வாசித்து நடப்பது வெறும் ஜாலி இல்லை. 'நாங்களும் இந்த ஊருதான்' என்று சொல்லும் ஒரு வழி.

சரி, பூந்தமல்லி எங்கே வருது?

19-ம் நூற்றாண்டில் பூந்தமல்லி ஒரு ராணுவக் குடியிருப்பு. கப்பலில் வந்திறங்கும் ஐரோப்பியப் படைவீரர்களைத் தங்கவைக்கும் டிப்போ இங்கே இருந்தது. கிழக்கிந்திய கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய்களில் பெரும் பங்கு ஐரிஷ்காரர்கள். சொந்த நாட்டில் வேலையும் நிலமும் இல்லாதவர்களுக்கு ராணுவச் சம்பளம்தான் கதி.

இன்னொரு தகவல். சென்னையில் கம்பெனி உருவாக்கிய ஐரோப்பியப் படைப்பிரிவுதான் பின்னாளில் 'மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்' ஆனது. 1881-ல் அது 'ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' படையின் ஒரு பகுதியானது. அதாவது, டப்ளின் பெயரைத் தாங்கிய படையின் பூர்வீகங்களில் ஒன்று நம்ம சென்னை!

1760-ல் நடந்த வந்தவாசிப் போரிலும் இந்தத் தொடர்பு உண்டு. ஆங்கிலேயப் படைத் தளபதி அயர் கூட், அயர்லாந்தின் லிமெரிக் பகுதியில் பிறந்தவர். எதிரே பிரெஞ்சுப் படையை நடத்திய லாலியின் தந்தையும் ஐரிஷ்காரர்தான்.

நமக்குத் தெரிந்த ஐரிஷ் அடையாளங்கள் எவை?

* மெரினாவில் சிலையாக நிற்கும் கால்டுவெல், 1814-ல் இன்றைய வடக்கு அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர்.

* ஜெயலலிதா படித்த சர்ச் பார்க் பள்ளியை நடத்தும் பிரசன்டேஷன் சபை, அயர்லாந்தின் கார்க் நகரில் தொடங்கப்பட்டது. அந்தச் சபையின் கன்னியாஸ்திரிகள் 1842-லேயே சென்னைக்கு வந்துவிட்டார்கள்.

* அடையாறில் 1917-ல் இந்திய மாதர் சங்கம் உருவாக முக்கியக் காரணமாக இருந்த மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். நாம் பாடும் தேசிய கீதத்தின் மெட்டை 1919-ல் மதனப்பள்ளியில் இசைக்குறிப்பாக எழுதிவைத்தவரும் இவர்தான்.

அப்போ ஐரிஷ்காரர்கள் எல்லோரும் நம்ம பக்கமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஜாலியன்வாலா பாக் படுகொலையின்போது பஞ்சாபை ஆண்ட மைக்கேல் ஓ'டயர், அயர்லாந்தின் டிப்பரேரியில் பிறந்தவர். படுகொலையை நியாயப்படுத்தியவர். அடுத்த ஆண்டே, 1920-ல், அதே பஞ்சாபின் ஜலந்தரில் 'கன்னாட் ரேஞ்சர்ஸ்' படையின் ஐரிஷ் வீரர்கள், தங்கள் நாட்டில் பிரிட்டிஷ் ராணுவம் செய்யும் அட்டூழியங்களை எதிர்த்து ஆயுதங்களைக் கீழே போட்டார்கள். இந்தக் கிளர்ச்சிக்காக ஜேம்ஸ் டேலி என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். பாரம்பரியத்தைக் கொண்டாடும்போது இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

இன்று ஏன் இது முக்கியம்?

இப்போது பயணம் தலைகீழ். நர்ஸ் வேலைக்கும் ஐ.டி. வேலைக்கும் படிப்புக்கும் நம்மவர்கள் அயர்லாந்துக்குப் போகிறார்கள். மும்பையில் பிறந்த டாக்டரின் மகன் லியோ வரத்கர், 2017-ல் அந்த நாட்டின் பிரதமரே ஆனார். ஆனால் 2025-ல் அங்கே இந்தியர்கள் மீது அடுத்தடுத்து தாக்குதல்கள் நடந்தன. அந்த ஆகஸ்டில் டப்ளினில் நடக்கவிருந்த இந்தியா தின விழாவையே ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. அப்போதைய அதிபர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் அந்தத் தாக்குதல்களைக் கடுமையாகக் கண்டித்தார்.

ஒரு காலத்தில் வந்தேறிகள் என்று விரட்டப்பட்டவர்கள், இன்று ஊர் ஊராகப் பச்சைக் கொடியோடு நடக்கிறார்கள். இன்று டப்ளின் தெருவில் பயமில்லாமல் நடக்க நம்ம ஊர் நர்ஸும் மாணவரும் கேட்பதும் அதே உரிமையைத்தான்.