லாகின் பெயரும் இனிஷியலும்

உள்வலையில் இணைந்த லினக்ஸ் கணினி ஒவ்வொரு பயனரையும் ஓர் எண்ணாகவே அறியும். நிர்வாகியின் எண் 0. டெபியன் வகை லினக்ஸ்களில் சாதாரணப் பயனர்களின் எண்கள் 1000-இல் தொடங்கும். எண்கள் மனிதர்களின் நினைவில் நிற்பதில்லை. அதற்காக அவற்றின்மேல் ஒட்டிய சீட்டே லாகின் பெயர்.

இச்சீட்டுகளின் பதிவேடு 'பாஸ்வேர்டு' என்ற கோப்பு. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்து வந்தது. யார் வீட்டுப் பரணிலாவது அப்படியொன்று கிடந்தால், இக்கோப்பை அதிலேயே திறந்து பார்க்கலாம். ஆளுக்கு ஒரு வரி. முக்காற்புள்ளியால் பிரிந்த ஏழு கட்டங்கள். 'மீனா : எக்ஸ் : 1000 : 1000 : மீனாட்சி' என்று போகும் வரி, வீட்டு அடைவிலும் ஷெல்லிலும் முடியும். கோப்பின் பெயர்தான் பாஸ்வேர்டு; அந்த 'எக்ஸ்' இருக்குமிடத்தில் முன்பு இருந்த கடவுச்சொல்லின் மறைகுறி, சாதாரணப் பயனர்கள் படிக்க முடியாத 'ஷேடோ' கோப்புக்குக் குடிபோய்விட்டது.

கணினிகள் பெருகினால் ஒவ்வொன்றிலும் தனிப் பதிவேடு கட்டுப்படியாகாது. பொதுப் பதிவேட்டை ஒரு சர்வரில் வைக்கும் முறையை 1980களில் சன் நிறுவனம் 'எல்லோ பேஜஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அது பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக்குறி என்பதால் என்ஐஎஸ் ஆயிற்று; கட்டளைகள் மட்டும் இன்னும் 'ஒய்பி' என்றே தொடங்குகின்றன. பிறகு இதே வேலைக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான எல்டாப் வந்தது. விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரியும் எல்டாப்பைப் புரிந்துகொள்ளும். லினக்ஸில் 'கெட்என்ட்' கட்டளை உள்ளூர்க் கோப்பிலும் சர்வரிலும் தேடித் தரும். விண்டோஸில் அந்த வேலைக்கு 'நெட் யூசர்'.

1971-இல் ஸ்டான்ஃபோர்டில் லெஸ் எர்னஸ்ட் எழுதிய 'ஃபிங்கர்' கட்டளை, பெயரோடு ஆள் இப்போது கணினியில் இருக்கிறாரா என்பதையும் சொன்னது. 1988-இல் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் அதன் சர்வர் நிரலிலிருந்த ஓட்டை வழியாகவும் புகுந்தது. இன்று பெரும்பாலான இடங்களில் அதை மூடிவைத்திருக்கிறார்கள்.

தமிழ்ப் பெயரைத் தேடுவது தனிக்கதை. எல்டாப்பின் 'பர்சன்' பதிவில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. குடும்பப்பெயரே இல்லாத நம்மவர்களுக்கு அங்கே இனிஷியலை இடுவோர் உண்டு, அப்பா பெயரை இடுவோரும் உண்டு. ஆங்கில எழுத்தில் சண்முகம் 'எஸ்ஏ'வில் தொடங்கினாரா, 'எஸ்ஹெச்'சிலா என்பது அடுத்த சிக்கல். எல்டாப்பில் 'முக' பகுதியை மட்டும் தட்டி, இருபுறமும் நட்சத்திரக் குறி இட்டால் இரு எழுத்துமுறைகளும் அகப்படும். சண்முகங்கள் பத்துப் பேர் வந்து நின்றால், பணியாளர் எண்ணைக் கேட்டு வாங்குவதே குறுக்குவழி.