புகையை விரட்டிய சட்டம்

இரும்புப் பாதை – 14

1902 ஜனவரி 8, காலை நேரம். நியூயார்க்கின் பார்க் அவென்யூவுக்கு அடியில் உள்ள சுரங்கப் பாதையில், சிக்னலுக்காக ஒரு பயணிகள் ரயில் நின்றிருந்தது. பின்னால் வந்த ரயிலின் டிரைவருக்குச் சிவப்பு விளக்கு தெரியவில்லை. நீராவி இன்ஜின்கள் கக்கிய புகையும் ஆவியும் சுரங்கத்தை அடைத்திருந்தன. நின்றிருந்த ரயிலின் கடைசிப் பெட்டிக்குள் இன்ஜின் புகுந்தது. 15 பேர் அங்கேயே மாண்டனர்.

இதற்கு மாற்று அப்போதே இருந்தது. பால்டிமோர் நகரச் சுரங்கத்தில் 1895 முதலே மின்சார இன்ஜின்கள் ரயில்களை இழுத்துக்கொண்டிருந்தன. சிகாகோவில் 1897-ல் பொறியாளர் ஃபிராங்க் ஸ்பிரேக், பெட்டிகளிலேயே மோட்டார்களைப் பொருத்தி, முன்னால் இருக்கும் ஒரே டிரைவர் அத்தனையையும் இயக்கும் முறையைச் செய்து காட்டிவிட்டார். வழி தெரிந்தும் நியூயார்க்கில் புகை தொடர்ந்தது. பெரிய செலவு பிடிக்கும் வேலையை யாரும் தானாக முன்வந்து தொடங்கவில்லை.

விபத்துக்குப் பிறகு மக்களின் கோபம் சட்டமானது. 1908 ஜூலை 1-க்குப் பிறகு, ஹார்லெம் ஆற்றுக்குத் தெற்கே இந்தப் பாதையில் நீராவி இன்ஜின் ஓடக் கூடாது என்று 1903-ல் மாநில சட்டமன்றம் கெடு வைத்தது.

நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் வில்லியம் வில்கஸ் களத்தில் இறங்கினார். ரயிலுக்கு மின்சாரம் தர, அது ஓடும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் போட வேண்டும். அதன் மேல் பனி உறைந்தால் மின்சாரம் தடைபடும். ஊழியர் மிதித்தால் உயிர் போகும். வில்கஸும் ஸ்பிரேக்கும் சேர்ந்து அந்தத் தண்டவாளத்தின் மேற்புறத்தையும் பக்கங்களையும் மூடி, அடிப்புறத்தை மட்டும் திறந்துவிட்டார்கள். ரயிலிலிருந்து நீளும் இரும்புத் தகடு அடியிலிருந்து உரசி மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பனிக்கும் ஆபத்துக்கும் சேர்த்து ஒரே தீர்வு! 1906-லேயே முதல் மின்சார ரயில் ஓடிவிட்டது.

புகை ஒழிந்ததும் இன்னொரு கதவு திறந்தது. நிலையத்தை ஒட்டி, புகை வெளியேற வானம் பார்த்துக் கிடந்த தண்டவாளங்களுக்கு இனி கூரை போடலாம். அந்தக் கூரைக்கு மேல் கட்டடம் கட்டும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுச் செலவை மீட்கலாம் என்றார் வில்கஸ். பூமிக்கு அடியில் இரண்டு அடுக்குகளாகத் தண்டவாளங்கள் கொண்ட கிராண்ட் சென்ட்ரல் நிலையம் 1913 பிப்ரவரி 2-ல் திறக்கப்பட்டது. பார்க் அவென்யூவின் வானளாவிய கட்டடங்கள் பல இன்றும் ரயில் பாதைக்கு மேல்தான் நிற்கின்றன.

1931-ல் சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு ஓடத் தொடங்கிய மின்சார ரயிலும் ஸ்பிரேக் வகுத்த முறையின் வழிவந்ததுதான். இன்று ரயில் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம், கருவி கண்டுபிடிப்பதிலேயே நம் கவனம் நிற்கிறது. கண்டுபிடித்ததை எந்தத் தேதிக்குள் பொருத்த வேண்டும் என்று கெடு வைக்கவும் ஆள் வேண்டும். அப்படி ஒரு கெடு முன்பே இருந்திருந்தால், பால்டிமோரில் 1895-ல் முடிந்தது நியூயார்க்கிலும் அப்போதே முடிந்திருக்கும். அந்த 15 பேரும் அன்று வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அடுத்த வாரம்: கடல் மேல் ஏறிய பாம்பன் பாலம்.

(தொடரும்)