சியோல் மாநகரின் இரவு

மதுரைக்காஞ்சியைப் பாடங்கேட்ட மாணவர் எவரும் அல்லங்காடியை மறந்திரார். மாங்குடி மருதனார் 782 அடிகளிற் பாடிய அப்பாட்டில், பகலங்காடி ஓய்ந்தபின் இரவங்காடி தொடங்குவதும், முதல் யாமத்தில் நகர் ஆரவாரிப்பதும், அடுத்த யாமத்திற் பணியாரம் விற்போர் தம் பண்டங்களின் பக்கத்திலேயே உறங்கிப் போவதும், அதற்கடுத்த யாமத்திற் கள்வர் உலாவ அவரைத் தேடி ஊர்காவலர் திரிவதும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையோ புகார்க் கடற்கரையின் இரவை விளக்குகளால் எண்ணிக் காட்டுகின்றது. வண்ணமுஞ் சாந்தும் விற்போர் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, பிட்டு வாணிகர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு எனச் செல்லும் அவ்வரிசையில், வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் அவியாது வைத்த விளக்கும் ஒன்று. ஆகவே, நகரத்து இரவு மின்விளக்கு ஈன்ற புதுமையென எண்ணுவது பொருந்தாது.

நாவுலவில் வாழும் எமக்கு இரவென்பது வேறு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணஞ் செல்லும் நெடுஞ்சாலை எம்மூரை ஊடறுத்துச் செல்கின்றது. கடைகள் அடைபட்டபின் அச்சாலையில் எஞ்சுவன தூரப்பயணப் பேருந்துகளும், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை நோக்கி மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிகளுமே. 1999இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தை எம் பகுதியின் அல்லங்காடி எனலாம்; ஆயினும் அங்கு உலாவச் செல்வார் எவருமிலர், மூட்டை சுமக்கவும் விலை பேசவுமே செல்வர்.

இத்தகைய ஊர்களிலிருந்தே இளைஞர் பலர் கொரிய மொழித் தேர்வெழுதித் தென்கொரியா செல்கின்றனர். அந்நாடு 2004ஆம் ஆண்டு தொடங்கிய தொழில் அனுமதித் திட்டத்தில் முதன்முதற் சேர்க்கப்பட்ட ஆறு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. வாரமுழுதும் ஆலையில் உழைத்தபின் கிடைக்கும் சனிக்கிழமை இரவை எவ்வாறு கழிப்பதென்பது அவர்க்கெல்லாம் எழும் வினா. சிலர் அறைக்குள்ளேயே முடங்கிக் கைத்தொலைபேசியைப் பார்த்திருக்கின்றனர். சிலர் குடியிற் கழித்துத் திங்கட்கிழமை வருந்துகின்றனர். யாம் அந்நகரை நேரிற் கண்டிலேம். எனினும், நூல்களிற் படித்தனவற்றையும், எம்மிடம் பயின்று அங்குச் சென்றோர் விடுமுறையில் வந்து உரைத்தனவற்றையும் கொண்டு, செல்லவிருக்கும் மாணவர்க்காகவும், பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஈண்டுக் காத்திருக்கும் பழைய மாணவர்க்காகவும் சில கூறத் துணிந்தோம்.

முதற்கண் அறியத்தக்கது, சியோலுக்கு இரவு மிக அண்மையிற் கிடைத்ததொன்று என்பதே. சொசொன் அரசர் காலத்தில் அந்நகரின் நடுவே, ஜொங்னோ வீதியிற் போசின்காக் என்னும் மணிமண்டபம் இருந்தது. இரவில் அம்மணி 28 முறை ஒலிக்க நகர வாயில்கள் அடைபடும்; விடியலில் 33 முறை ஒலிக்கத் திறக்கும். இருபத்தெட்டு என்பது சீனக் கணக்கில் விண்மீன் மனைகளின் தொகை; நாம் இருபத்தேழு நட்சத்திரங்கொள்ள அவர் ஒன்று கூட்டினர். முப்பத்துமூன்றோ இந்திரனது விண்ணுலகைச் சுட்டும் எண். முப்பத்து மூவர் தேவர் என்னும் நம் நாட்டு வழக்குப் புத்த சமயத்தோடு அத்துணைத் தொலைவு சென்று ஒரு நகரின் கதவைத் திறந்து வைத்திருக்கின்றது! 1890களில் அங்குச் சென்ற இசபெல்லா பேர்ட் பிஷப் என்னும் ஆங்கில மாது, மாலைமணி ஒலித்ததும் ஆடவர் தெருவை விட்டகல, பகலெல்லாம் வீட்டினுள் அடைபட்டிருந்த மகளிர் விளக்கேந்திய ஏவலருடன் உலாவப் புறப்படும் வழக்கத்தை எழுதிவைத்தார். ஆடவர்க்கு ஊரடங்கு மகளிர்க்கு உலாவாகிய அவ்வழக்கம் எமக்குப் பெருவியப்பைத் தருகின்றது.

அவ்வழக்கம் மறைந்த பின்னர் வேறோர் ஊரடங்கு வந்தது. 1945 செப்டெம்பரில் அமெரிக்கப் படையாட்சி விதித்த இரவுத் தடை, கொரியப் போரையும் அதன்பின் வந்த படைத்தலைவர் ஆட்சிகளையும் கடந்து 1982ஆம் ஆண்டு சனவரி 5ஆந் திகதி வரை நீடித்தது. அக்காலத்திற் பெரும்பாலும் நள்ளிரவு முதல் அதிகாலை நான்கு மணி வரை எவரும் தெருவில் நிற்றலாகாது. பன்னிரண்டு மணிக்குச் சங்கொலி எழுமுன் கடைசிப் பேருந்தைப் பிடிக்க மக்கள் ஓடுவர். அகப்பட்டோர் விடியும்வரை காவல் நிலையத்திற் கிடப்பர். நத்தார் இரவும் ஆண்டிறுதி இரவுமே விலக்கு. 1988ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா சியோலுக்கென 1981 செப்டெம்பரில் முடிவாக, அடுத்த சில திங்களிலே தடை நீங்கியது. இன்று உறங்கா நகரென உலகம் போற்றும் சியோல், ஒரு தலைமுறைக்கு மேல் நள்ளிரவிற் கதவடைத்துக் கிடந்த நகர் என்பதை அங்குச் செல்லும் நம் இளைஞர் அறிந்திருத்தல் நன்று.

நமக்கு இது விளங்காத கதையன்று. எம் தலைமுறையினர் ஊரடங்கு என்னுஞ் சொல்லை எழுத்தறியுமுன்னே அறிந்தவர். 1983 சூலையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் தீக்கிரையான நாள்களிலும் ஊரடங்கு இருந்தது. 2019 ஏப்ரிலிலும், பெருந்தொற்று வந்த 2020 மார்ச்சிலும் அது மீண்டது. அக்கோவிலின் மாசிமகத்தன்று ஐந்து தேர்களும் மாத்தளை வீதியில் வலம்வந்து இருட்டிய பின்னும் மக்கள் அச்சமின்றி நிற்பதைக் காணும் முதியோர் சிலரது கண் கலங்குவதன் காரணம் பிறர்க்கு எளிதில் விளங்காது.

இனி, உலாவுதல் பற்றிக் கூறுவோம். நகர் நடுவே ஓடும் சொங்யேச்சொன் என்னும் ஓடையருகே தொடங்குதல் தகும். ஒருகாலத்திற் குடிசைகளின் கழிவுநீர் ஓடிய அதனை 1958 தொடங்கி மூடிச் சாலையாக்கினர். பின்னர் அதன்மேல் உயர்சாலையும் எழுப்பினர். 2003இல் அவற்றையெல்லாம் இடிக்கத் தொடங்கி, 2005 ஒக்டோபரில் 5.8 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டனர். நீர் ஹான் ஆற்றிலிருந்து பொறியால் இறைக்கப்படுவதாகையால் இயற்கை ஓடை என அதனைப் போற்றுதற்கில்லை. ஆயினும், தெருவின் கீழே நீரோரமாக விளக்கொளியில் நடக்கலாம், காசு வேண்டியதில்லை, மொழி தெரியாதவனும் அந்நியனாகத் தோன்றான்.

அவ்வோடையை அடுத்ததே 1905இல் நிறுவப்பட்ட குவாங்ஜாங் சந்தை. நீண்ட பலகைகளின் முன்னே அந்நியர் பலர் தோளோடு தோள் நெருங்கி அமர்ந்து உண்பர். பயற்றை ஊறவைத்துக் கல்லில் அரைத்துப் பொரித்தெடுக்கும் பிந்தேத்தொக் என்னும் அடை அங்குச் சிறப்புப் பெற்றது. பயறென்றவுடன் நம் வீட்டுப் பண்டமென மகிழவேண்டா; அதிற் பெரும்பாலும் பன்றியிறைச்சி கலப்பர். புலாலுண்ணாதவர் கேட்டறிந்து உண்க. அரிசிமாக் கட்டிகளைச் செவ்விய காரக் குழம்பில் வேகவைத்த தொக்பொக்கி உறைப்பில் நம் நாவுக்கு ஏற்றதாயினும், அக்குழம்பிற் கருவாட்டுச் சாறு சேர்தல் வழக்கம். இச்சந்தை இரவு பத்து மணியளவில் அடங்கத் தொடங்குமாதலின் முதலில் இங்கு உண்டு பின் நடத்தலே முறை. மூத்தோர் ஒருவர் கிண்ணத்தில் ஊற்றித் தந்தால் இருகையாலும் ஏற்பதும், பருகுங்கால் முகத்தைச் சிறிது திருப்பிக்கொள்வதும் அவர்தம் மரியாதை. அப்பா என்பதற்கு அவர்களும் ஏறக்குறைய அவ்வாறே சொல்வர். அதுகொண்டு தமிழும் கொரியமும் உடன்பிறந்தன என மேடையில் முழங்குவோர் உளர்; குழந்தைவாய் எளிதில் எழுப்பும் ஒலிகள் பல மொழிகளில் ஒத்திருத்தல் இயல்பென்பதே எம் கருத்து.

கீழ்த்திசை நோக்கி மேலும் நடந்தால் தொங்தேமுன் வரும். ஆடை வணிகத்தின் அல்லங்காடி இதுவே. மொத்த வணிகக் கட்டடங்கள் இரவிலே திறந்து விடியலில் மூடும். தொலைவூர்க் கடைக்காரர் பேருந்துகளில் வந்திறங்கி, மூட்டை மூட்டையாய் ஏற்றிக்கொண்டு விடியுமுன் மீள்வர். ஆயின், அவற்றுட் பல சனிக்கிழமை இரவில் அடைத்திருக்கும் என்பதை நம் இளைஞர் கருத்திற்கொள்க. அன்று சில்லறைக் கட்டடங்களையே காணலாம்.

அவ்விடத்து ஓடையின் மீதுள்ள பாலமொன்றில் ஓர் இளைஞரின் மார்பளவுச் சிலை நிற்கின்றது. வாங்குவார் பலரும் அதனைக் கவனியாது கடந்து செல்வர். ஜொன் தே இல் என்பது அவர் பெயர், 1948இற் பிறந்தவர். அங்குள்ள பியொங்வா சந்தையின் மாடிகளில், நிமிர்ந்து நிற்கவும் இயலாத தாழ்ந்த பரண்களில், பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமியர் நாளொன்றுக்குப் பதினான்கு மணிநேரம் தையல் வேலை செய்தனர். உறக்கம் வாராதிருக்க மாத்திரை விழுங்கினர். உடன் வேலை செய்த இவர், தம் பேருந்துக் காசில் அப்பசித்த சிறுமியர்க்குச் சிற்றப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டு இரவில் வீடுவரை நடந்து சென்றார்; வழியில் ஊரடங்கு நேரம் வந்துவிடக் காவல் நிலையத்திற் கழித்த இரவுகளும் உண்டு. தொழிற்சட்டம் ஏட்டில் மட்டும் இருப்பதைக் கண்டு முறையிட்டு முறையிட்டு ஓய்ந்து, 1970 நவம்பர் 13ஆந் திகதி அச்சந்தை முன்றலில் அச்சட்டத்தைப் பின்பற்றுமாறு கூவித் தம் உடலுக்குத் தீயிட்டு, அன்றிரவே மாண்டார். அகவை 22. கொரியத் தொழிலாளர் இயக்கம் தன் தொடக்கத்தை அந்நாளிலிருந்தே எண்ணுகின்றது. அவர் தேர்ந்த வழியை யாம் போற்றுகின்றோமல்லேம். எந்த மாணவனும் அதனை வழியெனக் கொள்ளற்க. ஆனால், இன்று அந்நாட்டில் நம் பிள்ளைகள் வேலைநேரத்தையும் மேலதிகக் கூலியையும் சட்டத்தைக் காட்டிக் கேட்கக் கூடுகின்றதெனின், அதன் வேரில் அவ்விளைஞரும் உளர்.

பிறவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். பான்போ பாலத்தின் இருமருங்கும் ஹான் ஆற்றுள் வண்ண விளக்கோடு வீழும் நீர்த்தாரையை ஏப்ரில் முதல் ஒக்டோபர் வரை மாலைகளிற் காணலாம். நொரேபாங் எனப்படும் பாட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. தோழர் நால்வர் கூடி அறையை மணிக்கணக்கில் எடுத்துத் தமக்குள்ளேயே பாடி மகிழலாம், கேட்போர்க்குத் துன்பமில்லை. நம்மவர் பெரிதும் விரும்பிக் கூடுமிடம் சியோலின் தென்மேற்கேயுள்ள ஆன்சான் நகரின் வொன்கொக் பகுதியாம். அருகிலுள்ள ஆலைகளிற் பணிபுரியும் பல நாட்டவரும் கூடும் அப்பகுதியை 2009இற் பல்பண்பாட்டுச் சிறப்பு வட்டமாக அறிவித்தனர். புகாரில் மொழிவேறுபட்டோர் அவியாது வைத்த விளக்கு எவ்வாறிருந்திருக்கும் என வினவும் மாணவர்க்கு, யாம் இனி அத்தெருவையே காட்டுவோம்.

ஒன்றை மட்டும் விரித்துக் கூறாதிருத்தல் இயலாது. 2022 ஒக்டோபர் 29ஆந் திகதி இரவு சியோலின் இத்தேவொன் பகுதியில் ஹாலோவீன் களிப்புக்குத் திரண்டோர், ஏறத்தாழ மூன்று மீற்றரே அகலமுள்ள சரிவான சந்தொன்றில் நெருக்குண்டனர். இறந்தோர் 159 பேரெனக் கணக்கிடப்பட்டனர். நம் நாட்டவர் ஒருவரும் அவருள் அடங்குவர். நெரிசலில் மிதிபட்டே மாள்வர் என்பது பலர் எண்ணம். உண்மையில், ஒரு சதுர மீற்றரில் ஆறேழு பேர் நிற்குமளவுக்கு நெருங்கிவிட்டால் கூட்டம் நீர்போல் அலையத் தொடங்கும். நிற்பவனுக்குத் தன் காலின்மேல் ஆட்சியில்லை. மார்பு விரிய இடமின்றி நின்றபடியே மூச்சடைக்கும். அன்று மாலை 6.34 மணிக்கே ஆபத்தை உணர்ந்த ஒருவர் காவற்றுறையை அழைத்திருந்தார். பத்தேகால் மணியளவில் நிகழ்ந்த கேட்டுக்கு முன் பதினோர் அழைப்புகள் சென்றும் பயனில்லை. ஆகவே, நாற்புறமும் தோள்கள் உரசத் தொடங்கியவுடனே, வேடிக்கை எதுவாயினும், திரும்பிவிடுதல் வேண்டும். அகப்பட்டுக்கொண்டால் முன்கைகளை மார்பின்முன் மடித்து மூச்சுக்கு இடங்காத்தலும், தள்ளலை எதிர்த்து நில்லாது அதனோடு சென்று சாய்வாக ஓரம் ஒதுங்கலும், கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாமையும் உயிர்காப்பன. தேர்த்திருவிழாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கும் இஃது உரியதே. அங்குக் காவலுக்கு 112, நோயாளர் வண்டிக்கும் தீயணைப்புக்கும் 119, அயல்நாட்டார் குடிவரவு வினாக்களுக்கு 1345.

மீளும் வழி அறியாமற் புறப்படலாகாது. தொங்தேமுனிலிருந்து ஆன்சானுக்கு 4ஆம் இலக்கப் பாதையில் வண்டி மாறாமலே செல்லலாம். ஒரு மணிநேரத்துக்கு மேலாகும். ஆயின், அப்பாதையின் வண்டிகளுட் பல சாதாங் நிலையத்தோடு நின்றுவிடும். ஓஇதோ அல்லது ஆன்சான் எனப் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்தே ஏறுக. நள்ளிரவோடு சுரங்க ரயில்கள் ஓயும். அதன்பின் ஓடுவன 2013இல் தொடங்கப்பட்ட ஆந்தைப் பேருந்துகள். நள்ளிரவுக்குப்பின் கைத்தொலைபேசி அழைப்புகள் எவ்விடங்களிலிருந்து எழுகின்றன என ஆராய்ந்தே அவற்றின் தடங்களை வகுத்தனர். என் என்னும் ஆங்கில எழுத்தை இலக்கத்தின் முன்னே தாங்கிவரும் அவை சியோலுக்குள் உதவுமேயன்றி ஆன்சான் கொண்டுசேரா. வண்டியைத் தவறவிட்டவர் வாடகைக் காருக்கு ஒருநாட் கூலியை இழக்கவேண்டியதில்லை. ஜிம்ஜில்பாங் எனும் வெந்நீர்க் குளிப்பிடங்கள் பல இராமுழுதும் திறந்திருக்கும். சிறு கட்டணத்துக்குக் குளித்து, அவர் தரும் உடையணிந்து, சூடேற்றிய தரையிற் பாய்விரித்து உறங்கலாம். ஐந்தரை மணியளவில் முதல் வண்டி புறப்படும்.