பிள்ளை பார்க்கும் வீட்டில் நாய்க்குட்டி

தோட்டத்தில் இருந்தவர்களுக்குப் பிள்ளைக் காம்பரா இருந்தது. ஆயாவிடம் பிள்ளையை விட்டுத் தாய் கொழுந்துக்குப் போனாள். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. பலாபத்வலப் பக்கத்தில் மிளகு பறிக்கவும் காணி வேலைக்கும் போகும் தாய்மாருக்கு அயல்வீட்டுப் பாட்டியின் வீடுதான் பிள்ளைக் காம்பரா. அங்கே நாலைந்து பிள்ளைகள் இருக்கும். கூடவே ஒரு நாயும் ஒரு பூனையும் இருக்கும்.

நாயை வளர்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பன்றி வரும் காணிக்கும் கதவு சரியில்லாத வீட்டுக்கும் நாய் தேவை. தோபித்து நூலில் தோபியா தூரப்பயணம் புறப்பட்டபோது அவனுடைய நாயும் கூடப் போனது. ஆனால் நாம் இடம்பெயரும்போது பெரும்பாலும் நாயை அவிழ்த்துவிட்டு வருகிறோம். வந்த இடத்தில் வேறு யாரோ அவிழ்த்துவிட்ட நாய் நம் வாசலில் வந்து படுக்கிறது. அதற்கு ஊசி போட்டதா என்று ஒருவருக்கும் தெரியாது.

1973 ஆம் ஆண்டு இலங்கையில் நீர்வெறுப்பு நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதாலும், கடிபட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்து கிடைத்ததாலும் அந்தத் தொகை மிகவும் குறைந்துவிட்டது. ஆயினும் நோயின் குணம் மாறவில்லை. அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. சிறு பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் கடி தலையிலும் முகத்திலும் விழுகிறது. அங்கே பட்ட காயத்திலிருந்து நோய் மூளைக்கு விரைவாகப் போய்ச் சேரும்.

விசர் என்றால் நுரை தள்ளிக்கொண்டு ஓடும் நாயையே நினைக்கிறோம். சில நாய்கள் ஓடுவதே இல்லை. தாடை தொங்க, எச்சில் வடிய, மூலையில் படுத்திருக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யவே கூடாது. சந்தியில் கிடந்ததென்று பிள்ளைகள் தூக்கி வரும் குட்டியும் நோயுடன் வரலாம். அது விளையாட்டாய்ப் பிறாண்டினால் யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

கடியோ, நகக்கீறலோ, புண்ணில் நாய் நக்கியதோ, எதுவானாலும் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒன்றும் பூச வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். பூனை கடித்தாலும் இதேதான். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்து 14 நாள் கவனிக்க வேண்டும். ஆனால் அதுவரை பொறுத்து வைத்தியரிடம் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இதில் கஷ்டமான விடயம் மருந்தல்ல. அடி விழும் என்று பிள்ளை கீறலை மறைக்கிறது. சொன்னால் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள், வரும் காசும் போய்விடும் என்று பாட்டியும் மறைக்கக்கூடும். ஆகவே தாய்மாரே, பாட்டி உண்மையைச் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். மாலையில் பிள்ளையை ஒப்படைக்கும்போது இருவருமாகக் கைகால், முகம், கழுத்தைப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

பாட்டிமாருக்கும் சில வார்த்தைகள். பிள்ளைகள் சாப்பிடும் நேரம் நாய் கொல்லைப்புறம் கட்டியிருக்கட்டும். நாய் தின்னும்போதும், தூங்கும்போதும், குட்டி போட்டிருக்கும்போதும் பிள்ளைகள் கிட்டப் போகக்கூடாது. கைக்குழந்தையைப் பாயில் தனியே விட்டு அடுப்படிக்குப் போக வேண்டாம். முற்றத்து மணலில் கிடக்கும் நாய் மலத்திலிருந்து புழு முட்டை பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். காலையில் அள்ளிப் புதைத்துவிடுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்த நாய்க்கு ஊசி போட்டாலும் சில கிழமைகள் பிள்ளைகளிடமிருந்து தள்ளியே வைத்திருங்கள். ஊசி வருடாவருடம் போட வேண்டும். எந்த நாளில் போடுகிறார்கள் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்கலாம். ஊசி அட்டையைப் பிள்ளைகளின் கிளினிக் அட்டைகளோடு நனையாமல் வைத்திருங்கள். கடிபட்டுப் போனால் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.