பனியில் விளையாடிய பையன்

நியூயார்க் நகரத்தில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், 135ஆம் தெருவிலிருந்த பொது நூல்நிலையக் கிளைக்கு, குழந்தைகளுக்குரிய நூலகராக 1937ஆம் ஆண்டில் அகஸ்டா பேக்கர் என்னும் இளம் மாது வந்து சேர்ந்தார். தாமும் கறுப்பினத்தைச் சேர்ந்தவரான அவர், அங்கு வந்துபோகும் குழந்தைகளின் முகங்களையும் அலமாரியிலிருந்த புத்தகங்களின் பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தபோது, அந்த முகங்கள் இந்தப் பக்கங்களில் கௌரவமாக இடம்பெறக் காணோமே என்று வருந்தினார். பெரும்பாலான கதைகளில் கறுப்புக் குழந்தை அடியோடு இல்லை. இருந்த சொற்பக் கதைகளிலோ, தடித்த உதடும் உருண்டு விழிக்கும் கண்ணும் சிதைந்த பேச்சுமாக, மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பதற்கென்றே செய்து வைத்த கோமாளிப் பதுமையாக அது நின்றது. தன்னைப் போன்ற ஒருவரைக் கதையிலே காணாத குழந்தை, கதை என்பதே நமக்குரியதன்று போலும் என்று எண்ணிக்கொள்ளும். கோமாளியாக மட்டுமே காணும் குழந்தையோ, தன்னைப் பற்றி அதனினும் கொடிய பாடத்தைக் கற்றுக்கொள்ளும்.

ஆகவே பேக்கர் அம்மையார் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பொறுக்கலானார். 1939 முதல் அவர் திரட்டிய தொகுதிக்குக் கறுப்பினக் கவிஞரான ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் பெயர் சூட்டப்பெற்றது. பேக்கர் அம்மையார் கவனித்தவை பாஷை, சித்திரம், கதையின் விஷயம் என்னும் மூன்றுமே. கறுப்பினத்தவர் ஒருவர் கதையில் தலைகாட்டிவிட்டார் என்பதனாலேயே ஒரு புத்தகத்தை அவர் அங்கீகரித்துவிடவில்லை. கதையில் வரும் அந்த மனிதர் எப்படிப் பேசுகிறார், எப்படி வரையப்பட்டிருக்கிறார், கதையில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டுப் பார்த்த பிறகே தொகுதியில் இடம் தந்தார். இந்த மூன்றினுள் சித்திரத்தையே நான் முதலில் வைப்பேன். ஏனெனில், எழுத்தறியாத பருவத்திலேயே குழந்தை சித்திரத்தைப் படிக்கத் தொடங்கிவிடுகிறது.

கறுப்புக் குழந்தைகளுக்கென்று டுபாய்ஸ் என்னும் பேரறிஞர் 1920 ஜனவரியில் தொடங்கிய மாதப் பத்திரிகை இரண்டே ஆண்டுகளில் நின்றுபோன பின்னர், இத்தகைய தனி மனிதர்களின் முயற்சியாலேயே, அக்குழந்தைகள் தங்களைக் கதையில் கௌரவமாகக் காணவேண்டும் என்ற ஆசை அணையாமல் இருந்தது. 1965ஆம் ஆண்டில் நான்சி லாரிக் என்ற வெள்ளையினக் கல்வியாளர், அமெரிக்கப் பிரசுராலயங்கள் 1962, 63, 64 ஆகிய மூன்று ஆண்டுகளில் வெளியிட்ட ஐயாயிரத்துக்கும் அதிகமான குழந்தைப் புத்தகங்களைக் கணக்கெடுத்தார். கறுப்பினத்தவர் ஒருவரேனும் காணப்பட்டவை நூற்றுக்கு 6.7 மட்டுமே. நியூயார்க்கில் ஒரு பாலர் பள்ளியில் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்புச் சிறுமி, இவற்றில் வருகிறவர்கள் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருப்பது ஏன் என்று கேட்ட கேள்வியைத்தான் அவர் தம் கட்டுரையின் தொடக்கத்தில் வைத்தார். அந்தக் குழந்தைக்கு யார் என்ன விடை சொல்லியிருக்க முடியும்!

லாரிக்கின் கணக்குக்குள் அடங்கிய 1962ஆம் ஆண்டில்தான் 'தி ஸ்நோயி டே' என்னும் படப்புத்தகம் வெளிவந்தது. போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில், புரூக்ளினில் பிறந்த எஸ்ரா ஜாக் கீட்ஸ் அதை எழுதி, வண்ணக் காகிதங்களையும் துணிகளையும் வெட்டி ஒட்டிப் படங்களும் அமைத்திருந்தார். பிறர் எழுதிய புத்தகங்களுக்குப் பல வருஷங்கள் படம் வரைந்த கீட்ஸ், அவற்றுள் எதிலும் கறுப்புக் குழந்தை கதாநாயகனாக வரவில்லையே என்பதை மனத்தில் வைத்திருந்தார். 1940இல் 'லைஃப்' பத்திரிகையில் வந்த ஒரு கறுப்புச் சிறுவனின் புகைப்படங்களைக் கத்தரித்து எடுத்து, இருபது வருஷங்களுக்கு மேல் பத்திரப்படுத்தியும் வைத்திருந்தார். பீட்டர் என்னும் பையனாக அந்தச் சிறுவன் உருப்பெற்றான். கதையில் அவன் செய்வதெல்லாம், காலையில் கண் விழித்து, சிவப்பு உடுப்பு அணிந்து, தெருவெல்லாம் பெய்திருக்கும் பனியில் காலடித் தடம் பதித்து நடப்பதும், குச்சியால் மரத்தைத் தட்டிப் பனியை உதிர்ப்பதும், நாளைக்கு வேண்டுமென்று ஒரு பனியுருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பி, அது காணாமற்போனது கண்டு துக்கப்படுவதுமேயாகும். அவன் கறுப்பன் என்று ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. சித்திரமே அதைச் சொல்லிற்று. மறு ஆண்டில் அமெரிக்காவின் மிக உயர்ந்த படப்புத்தகப் பரிசாகிய கால்டெகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது. நியூயார்க் பொது நூல்நிலையம் 2020இல் தன் 125 ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தபோது, வாசகர்கள் மிக அதிகமாக இரவல் வாங்கிச் சென்ற புத்தகம் இதுவே என்று தெரியவந்தது. 4,85,583 முறை அது வீடுகளுக்குப் போய் வந்திருந்தது.

எனினும் லாரிக் இப்புத்தகத்தைக் குறை கூறாமல் விடவில்லை. பருத்த உருவமும் பளபளப்பான கட்டம் போட்ட உடையுமாக வரும் பீட்டரின் தாய், வேலைக்காரிகளாகக் கறுப்புப் பெண்களைச் சித்திரித்த பழைய படங்களை நினைவூட்டுகிறாள் என்றார் அவர். கீட்ஸ் அதை மறுத்தார். இந்த வாதத்தில் இன்னார் பக்கமே நியாயம் என்று நான் தீர்ப்புக் கூற மாட்டேன். நல்லெண்ணத்தோடு செய்த புத்தகத்தையும் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

குழந்தைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் இருக்கவேண்டும் என்ற புகழ்பெற்ற உவமையை 1990இல் கூறிய ருடீன் சிம்ஸ் பிஷப், அதற்கு முன்பே, 1982இல், கறுப்பினத்தவரைப் பற்றிய 150 கதைப்புத்தகங்களை ஆராய்ந்து வகைப்படுத்தினார். அவற்றுள் ஒரு வகை, கறுப்புக் குழந்தையைப் பற்றி எழுதப்பட்டும் அந்தக் குழந்தைக்காக எழுதப்படாதது. வெள்ளைக் குழந்தையின் உள்ளத்தில் இரக்கத்தை எழுப்புவதே அதன் நோக்கம். பெற்றோர்களும் ஆசிரியர்களும் மிக எளிதில் ஏமாந்து வாங்குவது இவ்வகைப் புத்தகத்தையே. இரக்கத்துக்கு உரியவனாக மட்டும் தன்னைக் கதையில் காணும் சிறுவன் அதில் என்ன சந்தோஷம் அடைவான்?

நம் பக்கத்திலும் இக்கேள்வி எழாமலில்லை. சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் 2000ஆம் ஆண்டில் ஜாய் விட்டேக்கர் எழுதிய காளியின் கதையை வெளியிட்டது. இருளர் குலத்துச் சிறுவனாகிய காளி படிப்பில் கெட்டிக்காரன். ஆயினும் தகப்பனார் பாம்பு பிடிப்பவர், அவன் கொண்டுவரும் தின்பண்டமோ வறுத்த கறையான் என்பதனால், வகுப்பில் அவனோடு சேர்வாரில்லை. ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு வந்துவிட, எல்லோரும் அலறுகையில் காளி அதை லாகவமாகப் பிடித்துவிடுகிறான். அன்று முதல் அவன் எல்லோருக்கும் வேண்டியவனாகிறான். இருளர்களை நெருங்கி அறிந்த ஒருவர் எழுதிய அருமையான புத்தகம் இது. குலத்தொழிலை இழிவாகக் காட்டாமல், அதையே கல்வியாகவும் கலையாகவும் காட்டும் இத்தகைய கதை நம் குழந்தைகளுக்கு மிகவும் அவசியம். வாய்ப்புள்ளவர்கள் எல்லோரும் இதைத் தங்கள் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பது என் விருப்பம்.

ஆயினும் பீட்டரையும் காளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. பீட்டர் யாருடைய மதிப்பையும் சம்பாதிக்கவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமல், பனி பெய்ததனாலேயே விளையாடினான். காளிக்கோ, சிநேகிதம் கிடைப்பதற்கு ஒரு சாரைப்பாம்பைப் பிடித்தாகவேண்டியிருந்தது. பாம்பு பிடிக்கத் தெரியாத இருளர் சிறுமி ஒருத்தி, ஐப்பசி மழையில் தெருவில் தேங்கிய தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டு, அது கவிழ்ந்ததற்காக அழுதுவிட்டு, பாட்டியின் மடியில் தூங்கிப்போவதைப் பற்றிய ஒரு புத்தகத்தை, காளியின் கதைக்குப் பக்கத்தில் வைப்பதற்காக, புத்தகக் கடைக்குப் போகும்போதெல்லாம் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.