கமிட்டி வேண்டாம் என்றது! வேலைக்காரப் பெண் சீனாவுக்குப் புறப்பட்டாள்

லண்டன் நகரில் பணக்காரத் துரைமார் வீடுகளில் வேலை பார்த்து வந்தாள் ஒரு பெண். பெயர், கிளாடிஸ் அயில்வர்ட். 1902-ம் ஆண்டில் பிறந்தவள். தகப்பனார் தபால்காரர். பள்ளிக்கூடத்தில் கிளாடிசுக்குப் படிப்பு ஏறவில்லை. 14 வயதில் படிப்பை விட்டாள். மேஜை துடைப்பது, விருந்தாளிகளுக்குத் தேநீர் கொண்டு போய்க் கொடுப்பது, இதுதான் அவளுடைய உத்தியோகம்.

ஒரு நாள் சீனாவைப் பற்றி ஒரு கட்டுரை படித்தாள். ஏசுநாதரின் பெயரையே கேட்டறியாத மக்கள் அங்கே கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. தம்பியைக் கூப்பிட்டு, நீ போகக் கூடாதா என்று கேட்டாள். அதெல்லாம் கலியாணம் ஆகாத கிழவிகள் செய்கிற வேலை, வேண்டுமானால் நீயே போ என்று அவன் சொல்லிவிட்டான்.

அவன் விளையாட்டாகச் சொன்னான். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டவர் தன்னைத்தான் அழைக்கிறார் என்று நம்பினாள்.

பரீட்சையில் தோல்வி

லண்டனில் சீன உள்நாட்டு மிஷன் என்ற சபை இருந்தது. சீனாவுக்கு ஊழியர்களை அனுப்புவதே அதன் வேலை. கிளாடிஸ் அங்கே போய் மனுக் கொடுத்தாள். மூன்று மாதம் பயிற்சிப் பள்ளியில் வைத்துப் பார்த்தார்கள். வேதாகமப் பாடத்தில் அவள் மிகவும் பின்தங்கினாள். சீன பாஷையோ உலகத்திலேயே கடினமான பாஷைகளில் ஒன்று. இவளுக்கு வயதும் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இனி இவள் அதைக் கற்பது நடக்காத காரியம் என்று கமிட்டி முடிவு செய்தது.

கமிட்டியார் கெட்டவர்கள் அல்ல. கையில் இருந்த மார்க்கைப் பார்த்தால், வேறு எந்த முடிவுக்கும் அவர்கள் வந்திருக்க முடியாது. அழுதுகொண்டு நின்ற பெண்ணை அப்படியே விரட்டிவிடவும் இல்லை. பிரிஸ்டல் நகரில் ஓய்வு பெற்ற வயோதிக மிஷனரி தம்பதிகள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் ஒத்தாசையாக இருக்கிறாயா என்று கேட்டார்கள். கிளாடிஸ் சரி என்றாள்.

இதைக் கவனிக்க வேண்டும். "கடவுள் என்னை அழைத்துவிட்டார், மனிதர்கள் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும்" என்று வீம்பு பேசுகிறவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. சபைக்குச் சபை அப்படிச் சிலரைப் பார்க்கலாம். கிளாடிஸ் அந்த ரகம் அல்ல. கொடுத்த வேலையைச் செய்தாள். ஆனால் கமிட்டி கதவைச் சாத்தியதால் கடவுளும் சாத்திவிட்டார் என்று மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

படுக்கையில் மூன்று பொருள்

பிறகு லண்டனுக்கே திரும்பி, சர் பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட் என்பவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். 1903-ல் திபெத்துக்குப் படையுடன் சென்ற அதே யங்ஹஸ்பண்ட்தான். அந்த வீட்டுக்கு வந்ததும் கிளாடிஸ் தன் அறையில் உட்கார்ந்து வேதாகமத்தை விரித்தாள். நெகேமியாவின் கதை கண்ணில் பட்டது. நெகேமியா யார்? பாரசீக ராஜாவுக்குப் பானம் பரிமாறிய வேலைக்காரன். இடிந்து கிடந்த எருசலேமின் மதிலைக் கட்ட அவன் போகவில்லையா?

தன்னிடம் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்தாள். இரண்டரைப் பென்னி இருந்தது. வேதாகமத்தைப் படுக்கையின்மேல் வைத்து, அதன்மேல் காசையும் வைத்தாள். இந்தப் புத்தகம், இந்தக் காசு, நான், இவ்வளவுதான் இருக்கிறது; எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் வேண்டினாள். சற்று நேரத்தில் எஜமானி அம்மாள் கூப்பிட்டு, வேலைக்கு வந்த ரெயில் செலவு என்று மூன்று ஷில்லிங் கொடுத்தாள்!

அன்று முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்தாள். சீனாவுக்குக் கப்பல் கட்டணம் 90 பவுன். ரஷ்யா வழியாக ரெயிலில் போனால் 47 பவுன் 10 ஷில்லிங்தான். அந்த வழியில் சண்டை நடக்கிறது, உயிருக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று டிக்கெட் குமாஸ்தா எச்சரித்தார். கிளாடிஸ் மூன்று பவுனை நீட்டி, மீதியைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கட்டுகிறேன் என்றாள். அப்படியே கட்டியும் முடித்தாள்.

சீனாவில் ஜீனி லாசன் என்ற 73 வயதுக் கிழவி ஒருத்தி துணையின்றி ஊழியம் செய்கிறாள் என்று தெரிந்தது. கடிதம் போட்டாள். வா என்று பதில் வந்தது. 1930-களின் தொடக்கத்தில், ஓர் அக்டோபர் மாதத்தில் கிளாடிஸ் லண்டனில் ரெயில் ஏறினாள். ஒரு பெட்டி நிறையத் தின்பண்டம். பாத்திரமும் கெண்டியும் கயிற்றில் கட்டித் தொங்கின.

சைபீரியாவில் வண்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் போர்முனை. கொட்டும் பனியில் தண்டவாளத்தின் வழியே நடந்து பழைய ஸ்டேஷனுக்குத் திரும்பினாள். விளாடிவாஸ்டாக் போய், ஜப்பான் கப்பல் ஏறி, ஒருவழியாகச் சீனாவில் கால் வைத்தாள்.

கிளாடிஸ் குள்ளம், சுமார் 5 அடிதான். தலைமயிர் கறுப்பு. தங்கநிறக் கூந்தல் இல்லையே, உயரம் இல்லையே என்று சிறு வயதில் ஏங்கியவள். சீனாவில் பார்த்தால், எல்லாருக்கும் கறுப்பு மயிர்! எல்லாரும் தன்னைப் போலவே குள்ளம்! கடவுள் காரணமாகத்தான் செய்திருக்கிறார் என்று அப்போது தெரிந்தது என்பாள்.

கோவேறு கழுதைச் சத்திரம்

யாங்செங் மலை நாட்டுப் பட்டணம். கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிச் செல்வோர் இரவில் அங்கே தங்குவார்கள். கிழவியும் கிளாடிசும் ஒரு சத்திரம் திறந்தார்கள். ஆனால் வெள்ளைக்காரிகளைப் "பிசாசு" என்று நினைத்து யாரும் உள்ளே வரவில்லை. கிளாடிஸ் தெருவில் நிற்பாள். முதல் கழுதையின் கடிவாளத்தைப் பிடித்து முற்றத்துக்குள் இழுத்து விடுவாள். மற்றவை வரிசையாகப் பின்னால் வந்துவிடும். பிறகு கழுதைக்காரன் எங்கே போவான்? சூடான சாப்பாடு, படுக்கை, அதன்பின் இலவசமாக ஏசுநாதரின் கதை.

இந்தக் கழுதைக்காரர்கள், சமையல்காரர், சந்தைப் பெண்கள், இவர்கள்தான் கிளாடிசின் வாத்தியார்கள். புத்தகத்தில் வராத பாஷை வாயில் வந்தது. லண்டன் பள்ளியில் இன்னும் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்காது.

கிழவி சீக்கிரமே இறந்துவிட்டாள். பண உதவிக்கு எந்த மிஷனும் இல்லை. அப்போது ஊர் அதிகாரி ஒரு வேலையுடன் வந்தார். பெண் குழந்தைகளின் பாதங்களைத் துணியால் இறுக்கிக் கட்டி ஊனமாக்கும் பழைய வழக்கத்தைச் சர்க்கார் தடை செய்திருந்தது. ஊர் ஊராகப் போய்க் கட்டை அவிழ்க்கச் சொல்ல ஒரு பெண் தேவை. கால் கட்டாத பெண் அந்த வட்டாரத்தில் கிளாடிஸ்தான்! போகிற இடமெல்லாம் ஏசுவைப் பற்றிப் பேசுவேன் என்றாள். அதிகாரி சம்மதித்தார். ஜனங்கள் அவளுக்கு "ஆய்-வே-தே", அதாவது நற்குணமுடையவள் என்று பெயர் வைத்தார்கள். 1936-ல் அவள் சீனப் பிரஜையாகவே ஆகிவிட்டாள்.

நூறு குழந்தைகள்

ஜப்பானியர் 1938-ல் யாங்செங் மீது குண்டு போட்டார்கள். 1940-ல், சுமார் நூறு அனாதைக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கிளாடிஸ் மலைகளின் வழியே கால்நடையாகப் புறப்பட்டாள். மஞ்சள் ஆற்றங்கரைக்கு வந்தால், ஓடம் இல்லை. நாட்கள் கழிந்தன. சாப்பாடு தீர்ந்தது. செங்கடலை மோசே கடந்தாரே, நாமும் கடக்கலாம் என்று ஒரு சிறுமி சொன்னாளாம். நான் மோசே இல்லையே என்றாள் கிளாடிஸ். நீங்கள் மோசே இல்லை, ஆனால் கடவுள் அதே கடவுள்தானே என்றாளாம் சிறுமி.

சீனப் படை அதிகாரி ஒருவர் ஓடத்துக்கு ஏற்பாடு செய்தார். குழந்தைகள் சியான் நகரம் போய்ச் சேர்ந்தார்கள். கிளாடிஸ் கடும் காய்ச்சலில் நினைவிழந்து விழுந்தாள்.

சினிமா

யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்து திரும்பிய கிளாடிஸ் அம்மையாரின் கதை 1957-ல் புத்தகமாக வந்தது. 1958-ல் ஹாலிவுட் படம் எடுத்தது. கதாநாயகி, நெட்டையான ஸ்வீடன் அழகி இங்கிரிட் பெர்க்மன்! சீன மலைகளுக்குப் பதில் வேல்ஸ் நாட்டு மலைகள். சத்திரத்தின் பெயரில் இருந்த எட்டு ஆனந்தங்கள் படத்தின் பெயரில் ஆறாகிவிட்டன. காதல் காட்சிகளும் உண்டு. உலகமே அம்மையாரைப் புகழ்ந்தது. அவரோ மனம் நொந்துபோனார்.

தாம் கடவுளின் முதல் தேர்வு அல்ல என்று அம்மையார் சொல்வது வழக்கம். நன்றாகப் படித்த யாரோ ஓர் ஆண்மகனைத்தான் ஆண்டவர் முதலில் கூப்பிட்டிருப்பார், அவர் வரவில்லை போலிருக்கிறது என்பார்.

மறுபடி சீனாவுக்குப் போக விரும்பினார். கம்யூனிஸ்டு சர்க்கார் இடம் தரவில்லை. இரண்டாவது தடவையாகவும் "வேண்டாம்" என்ற பதில்! 1958-ல் தைவான் தீவுக்குப் போனார். அங்கே ஓர் அனாதைக் குழந்தைகள் இல்லத்தை ஆரம்பித்தார். 1970-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி இறக்கும் வரை அந்தக் குழந்தைகளுடனேயே இருந்தார்.