இல்லத்துக்கும் வேண்டும் ஜீர்ணோத்தாரணம்

திருவள்ளூர் என்னும் பெயருக்கு மூலம் திருஎவ்வுள். தை அமாவாசையன்று சாலிஹோத்ர முனிவரின் குடிலுக்கு முதிய அந்தணராக எழுந்தருளிய பெருமாள், அவர் படைத்த மாவை அமுது செய்தபின், படுத்து இளைப்பாற எவ்வுள் என வினவினார். முனிவர் தமது உறைவிடத்தையே காட்டினார். அவ்விடத்திலேயே வீரராகவப் பெருமாள் சயனத் திருக்கோலம் கொண்டார் என்பது தலபுராணம். அடியவர் ஒருவரின் இல்லமே ஆலயமானது. ஓர் ஊரும் அதனால் பெயர் பெற்றது.

இன்றும் தை அமாவாசைக்கு முதல் நாளிலேயே பக்தர்கள் திருவள்ளூர் வந்து தங்குகின்றனர். இவ்வாறு வரும் யாத்திரிகர் தலைசாய்ப்பதற்கென்றே நம் முன்னோர் வீதியோர வீடுகளில் திண்ணை அமைத்தனர். திருவள்ளூர் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி வரை ஆலைகள் பெருகிவிட்ட இக்காலத்தில் ஓட்டு வீடுகள் மறைந்து மாடிக் கட்டடங்கள் எழுகின்றன. முதலில் மறைவது திண்ணை, பின்னர் முற்றம், இறுதியில் தலைமுறைகள் விளக்கேற்றிய கூடம். பூர்விக வீட்டை இடிப்பதா, காப்பதா என்னும் வினா பல குடும்பங்களில் எழுந்துள்ளது.

பெயர்ந்து வந்த இல்லங்கள்

இவ்வினாவுக்கு ஒரு விடை சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ளது. 1984-இல் டெபோரா தியாகராஜன் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் அங்கே தக்ஷிணசித்ராவை உருவாக்கியது. 1996 டிசம்பர் 14-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. பத்து ஏக்கர் பரப்பில் தென்னாட்டின் பழைய வீடுகள் அங்கு நிற்கின்றன. செட்டிநாட்டு வணிகர் இல்லம், திருநெல்வேலிச் சீமையின் அக்ரஹார வீடு, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு ஆகியவை அவற்றுள் சில.

இவை உரிமையாளரால் இடிக்கப்பட இருந்த வீடுகள். அவற்றை விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, முட்டுக்காட்டுக்குக் கொணர்ந்து, அந்தந்த வட்டாரத்து ஸ்தபதிகளையும் தச்சர்களையும் கொண்டே மீண்டும் எழுப்பினர். இடித்தபின் மரங்கள் சிதறிப்போவது புதிதன்று. காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவில் நிலைகளும் தூண்களும் பழம்பொருளாக விற்கப்படுவதைப் பலர் கண்டிருப்பர்.

தக்ஷிணசித்ராவின் அமைப்பை வகுத்தவர் லாரி பேக்கர். அதனை நிறைவேற்றியவர் அவரிடம் பயின்ற பென்னி குரியகோஸ். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்த பேக்கர் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற அண்ணலின் கருத்து அவரது வாழ்நாள் வழியாயிற்று. திருவனந்தபுரத்தில் குடியமர்ந்து எளியோருக்கு வீடுகள் கட்டிய அவருக்கு 1990-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆலயம் காட்டும் முறை

பழையதைப் புதுப்பிக்கும் நெறி பக்தர்களுக்குப் புதிதன்று. ஆலயத் திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் செய்து பாலாலயத்தில் எழுந்தருளச் செய்வர். பணி நடக்கும் நாளிலும் வழிபாடு நிற்பதில்லை. பழுதுற்றது மட்டும் மாற்றப்படும்; உறுதியாக இருப்பது அப்படியே போற்றப்படும். இதுவே ஜீர்ணோத்தாரணம். இல்லத்துக்கும் இம்முறை பொருந்தும். குலதெய்வப் படத்தையும் குத்துவிளக்கையும் நெருங்கிய உறவினர் வீட்டில் வைத்து, நாள் தவறாமல் விளக்கேற்றிவந்து, பணி முடிந்ததும் மீண்டும் எழுந்தருளச் செய்யலாம்.

கட்டட வேலையிலும் இதே நிதானம் வேண்டும். பழைய சுவர்கள் சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காய் நீரும் பனைவெல்லமும் சேர்த்துக் கட்டப்பட்டவை. அவை ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினை உடையவை. அவற்றின்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, சுவர் உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேறுவதற்கென அமைந்தது முற்றம். அதனைக் கண்ணாடியால் முழுதும் மூடினால் வீடு புழுங்கும். ஓடுகளை இறக்கி, உளுத்த சட்டங்களை மட்டும் மாற்றி, நல்ல ஓடுகளை மீண்டும் வேய்வதே முறை.

முதியோரின் வசதியையும் மறத்தலாகாது. கொல்லைப்புறத்தை ஒட்டி வழுக்காத தளமுடைய குளியலறை அமைக்கலாம். படிகளில் கைப்பிடி பொருத்தலாம். கூடத்துக்கு அருகில் ஓர் அறையைப் படுக்கையறையாக்கலாம். இவற்றால் வீட்டின் இலக்கணம் குலையாது. நிலைவாசலின் கஜலக்ஷ்மியும், முற்றத்துத் துளசி மாடமும், கூடத்துத் தூண்களும் இருந்த இடத்திலேயே இருந்தால் போதும்.

பங்காளிகள் பலராகி ஒருவரும் குடியிராத வீடுகளே பெரும்பாலும் இடிபடுகின்றன. ஆகவே தச்சரை அழைப்பதற்கு முன் உறவினரை அழைக்க வேண்டும். யார் செலவை ஏற்பது, யார் குடியிருப்பது, பண்டிகைக்கு யார் வருவது என்பவற்றைப் பெரியவர்கள் இருக்கும்போதே பேசி முடித்தல் நலம். அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்படும் தலைமுறை இன்னும் உள்ளது.

தக்ஷிணசித்ராவுக்குப் பெயர்ந்த வீடுகள் அழிவிலிருந்து தப்பின. ஆயினும் அவை நின்ற வீதியும், அவ்வீதியில் உலாவரும் உற்சவமூர்த்தியும் உடன் பெயர்ந்து வரவில்லை. சொந்த ஊரில் சீர்பெற்று நிற்கும் வீட்டுக்கே அப்பேறு வாய்க்கும். பெருமாள் புறப்பாடு கண்டருளும் நாளில் வாசலில் கோலமிட்டு, திண்ணையில் அமர்ந்து தீபாராதனை தரிசிக்கும் பாக்கியத்தைப் பேரக்குழந்தைகளுக்கு விட்டுச்செல்வதும் ஒரு திருப்பணியே.